ஒரே மாணவி, நான்கு அவைகள்: கருத்தாடல் சமூகங்களை ஒப்பிட்டு எழுதும் முறை

தில்லிக் கல்லூரிகளில் மொழிப் பாடம், இதழியல், சமூகவியல் போன்ற வகுப்புகளில் அவ்வப்போது தரப்படும் ஓர் அசைன்மென்ட் உண்டு. “நீங்கள் சார்ந்திருக்கும் கருத்தாடல் சமூகங்கள் இரண்டையோ மூன்றையோ ஒப்பிட்டு எழுதுக” என்பதே அது. ஒரு பொது நோக்கத்துக்காக, தமக்கென்ற பேச்சு, எழுத்து முறைகளோடு இயங்கும் குழுவையே கருத்தாடல் சமூகம் என்கிறார்கள். எளிதாகத் தோன்றும் இந்தத் தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்துவிடுகின்றன: வகுப்பைப் பற்றி ஒரு பத்தி, நண்பர் குழுவைப் பற்றி ஒரு பத்தி, வீட்டைப் பற்றி ஒரு பத்தி, கடைசியில் “ஒவ்வொன்றும் தனக்கே உரிய முறையில் சிறப்பானது” என்று ஒரு வரி. இது விவரிப்பே தவிர ஒப்பீடு ஆகாது. எல்லாச் சமூகங்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, அவை தரும் வெவ்வேறு விடைகளை அருகருகே நிறுத்தும்போதுதான் ஒப்பீடு பிறக்கிறது. அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதும், விடைக்கான சான்றுகளைத் திரட்டுவதும், அவற்றைக் கட்டுரையாக்குவதும் எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொண்டு தொடங்குவது நல்லது. கருத்தாடல் சமூகம் என்ற கருத்துக்கு இன்று பரவலாக எடுத்தாளப்படும் வரையறையை 1990-இல் வகுத்தவர் மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ். அவர் ஆறு அடையாளங்களைச் சொன்னார்: உறுப்பினர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வெளிப்படையான நோக்கங்கள் இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் தொடர்புகொள்ள வழிகள் இருக்க வேண்டும், அந்த வழிகள் முதன்மையாகத் தகவலுக்கும் பின்னூட்டத்துக்கும் பயன்பட வேண்டும், அந்தச் சமூகத்துக்கென்று எழுத்திலோ பேச்சிலோ சில வகைமைகள், அதாவது வழக்கமான வடிவங்கள், இருக்க வேண்டும், தனிச்சொற்கள் இருக்க வேண்டும், துறையிலும் அதன் பேச்சுமுறையிலும் தேர்ச்சி பெற்றவர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டியது தாம் உறுப்பினராக இருந்த ஒரு குழுவை. ஹாங்காங் அஞ்சல்தலைகளை ஆராயும் அக்குழுவின் உறுப்பினர்கள் உலகின் பல மூலைகளில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஓர் இதழ்தான் அவர்களை இணைத்தது. அண்டை வீடு, ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே தாய்மொழி ஆகியவற்றில் எதுவும் கருத்தாடல் சமூகத்துக்கு இன்றியமையாதது அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தில்லியில் வாழும் தமிழ் மாணவர்கள் வழுக்கி விழும் முதல் இடமும் இதுதான். “நான் தில்லித் தமிழ்ச் சமூகத்தைச் சேர்ந்தவள்” என்று எழுதிவிட்டு அதையே ஒரு கருத்தாடல் சமூகமாகக் கொள்கிறார்கள். பேச்சுச் சமூகம் வேறு, கருத்தாடல் சமூகம் வேறு. முன்னதில் நாம் பிறப்பாலோ வளர்ப்பாலோ தற்செயலாகவோ இடம் பெறுகிறோம். பின்னது பயிற்சியாலும் தகுதியாலும் இணங்கவைப்பதாலும் ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறது. கரோல்பாகிலும் மயூர் விகாரிலும் ஆர்.கே.புரத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு கருத்தாடல் சமூகம் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் 1946-இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டு, அழைப்பிதழ் எழுதி, வரவேற்புரையும் நன்றியுரையும் பகிர்ந்துகொள்ளும் சிறு குழு அப்படி ஆகலாம். ஸ்வேல்ஸ் இதற்கு நேர் எதிரான ஒரு சிக்கலையும் எழுப்பினார்: ஒரே தெருவில் காபிக்கடை வைத்திருக்கும் மூவர் ஒரே வேலையைச் செய்கிறார்கள், ஒரே சொற்களைப் புழங்குகிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் தொடர்பே இல்லை என்றால் அவர்கள் ஒரு சமூகமா? தில்லிப் பல்கலைக்கழகத்தின் பல கல்லூரிகளில் ஒரே வேதியியல் செய்முறையைச் செய்துகொண்டிருக்கும் மாணவர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். என் கணிப்பில், ஒரு வகுப்பின் ஆய்வகம்தான் சமூகம். பல்கலைக்கழகம் முழுவதும் அல்ல.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது

விளக்கத்துக்காக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வீடு ஆர்.கே.புரத்தில் அரசு குடியிருப்பு; படித்தது தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று; இப்போது வடக்கு வளாகத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஹானர்ஸ் இரண்டாம் ஆண்டு. கல்லூரி விவாத மன்றத்தில், அதாவது எல்லோரும் ‘டெப்சாக்’ என்று சொல்லும் அமைப்பில், உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு திருப்புகழ் பஜனைக் குழுவுக்குப் போகிறாள். இவை தவிர வகுப்பு வாட்ஸப் குழு இருக்கிறது. காலையில் மெஜந்தா தடத்தில் ஏறி ஹௌஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி விஸ்வவித்யாலயா வரை போகும் நேரத்துக்குள் இந்த நான்கு இடங்களிலிருந்தும் செய்திகள் வந்துவிடுகின்றன. நான்குக்கும் நான்கு விதமாகப் பதில் எழுதுகிறாள். அந்த மெட்ரோப் பயணத்தில் தன் விரல்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தாலே அவளுக்குப் பாதிக் கட்டுரை கிடைத்துவிடும்.

தேர்வில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஒன்று, ‘கல்லூரி’ என்று மொத்தமாக எடுக்கக் கூடாது. 1987-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக லூசில் மெக்கார்த்தி என்ற ஆய்வாளர் ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவரை இருபத்தொரு மாதம் பின்தொடர்ந்து, கட்டுரை எழுதும் வகுப்பு, கவிதை வகுப்பு, உயிரணு உயிரியல் வகுப்பு ஆகிய மூன்றிலும் அவர் எழுதியவற்றை ஆராய்ந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த மாணவர் அந்நிய தேசத்தில் நுழைந்தவரைப் போலப் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. கல்லூரிக்குள்ளேயே பல அவைகள் இருக்கின்றன என்பதற்கு அது போதுமான சான்று. இரண்டு, உங்களுக்குப் பிடித்த சமூகங்களை மட்டும் எடுக்காதீர்கள். நீங்கள் இன்னும் தடுமாறும் இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். பழகிப்போன இடத்தின் விதிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சான்றுகளைத் திரட்டுதல்

நினைவிலிருந்து எழுதினால் பொதுப்படையாகத்தான் வரும். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் மூன்று துண்டுகளாவது கையில் இருக்கட்டும்: அனுபவம் மிக்க ஒருவர் எழுதியது அல்லது பேசியது, புதிதாக வந்த ஒருவருடையது, யாரோ திருத்தப்பட்ட ஒரு தருணம். மூன்றாவதுதான் மிக மதிப்புள்ளது. அதுதான் எளிதில் கிடைக்காததும்கூட. ஆய்வகத்தில் ரஃப் நோட்டின் ஒரு பக்கமும், அதே சோதனைக்கான பிராக்டிகல் ஃபைலின் பக்கமும் போதும். விவாத மன்றத்தில் ஒரு சுற்று முடிந்ததும் நடுவர் தரும் வாய்மொழித் தீர்ப்பை, சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். பஜனைக் குழுவில் பதிவு செய்வதைவிட, பாட்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே மரியாதையும் பயனும் உடையது. வாட்ஸப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பெயர்களையும் எண்களையும் மறைத்துவிடுங்கள்; குழுவில் “அசைன்மென்டுக்காக இந்த வாரச் செய்திகளிலிருந்து சில வரிகளை எடுத்துக்கொள்ளலாமா” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மறுப்பவர் இருந்தால் அவருடைய வரிகளை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரே கேள்வி

நோக்கம் என்ன, சொற்கள் என்ன, வழிகள் என்ன என்று ஆறு அடையாளங்களையும் ஆறு தலைப்புகளாக்கி நிரப்புவது வகுப்புக் குறிப்புக்குப் பயன்படும்; கட்டுரைக்குப் பயன்படாது. எல்லாவற்றையும் ஊடறுத்துச் செல்லும் ஒரு கேள்வி வேண்டும். “யார் முதலில் பேசலாம்?”, “மறுப்பு எப்படித் தெரிவிக்கப்படுகிறது?”, “எது சான்றாக ஏற்கப்படுகிறது?” ஆகியவை நல்ல கேள்விகள். நான் பரிந்துரைப்பது இன்னொன்று: ஒருவர் பிழை செய்தால் அந்தப் பிழை என்ன ஆகிறது? இதற்கு விடை தேடும்போது சமூகத்தின் நோக்கம், அதிகாரப் படிநிலை, வகைமை, மரியாதை எல்லாம் தாமாகவே வெளிப்படுகின்றன. நம் மாணவியின் நான்கு இடங்களிலும் இதைக் கேட்டுப் பார்ப்போம்.

ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்), அதாவது ஒரு கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனை, நடக்கிறது. அவளுடைய ரஃப் நோட்டில் பியூரெட் அளவுகள் 18.5, 18.9, 18.5, 18.5 என்று இருக்கின்றன. இரண்டாவது முறை அவள் ஏழெட்டுத் துளிகள் கூடுதலாக விட்டுவிட்டாள். வெளிர் இளஞ்சிவப்பில் நின்றிருக்க வேண்டிய கரைசல் அடர்ந்த நிறத்துக்குப் போய்விட்டது. அந்த 18.9-ஐ அவள் அழிக்கக் கூடாது. அது அட்டவணையில் இருக்கும். ஒத்துப்போகும் அளவுகள் மட்டும் கணக்கீட்டுக்குப் போகும். எண்ணைக் கைதவறி எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியான எண்ணை எழுத வேண்டும், அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும், ஒயிட்னர் கூடாது. ஆக, பிழை இங்கே பாதுகாக்கப்படுகிறது. அதே சமயம் பிழை செய்தவர் மறைந்துவிடுகிறார்: “கரைசல் எடுக்கப்பட்டது”, “நிறமாற்றம் காணப்பட்டது” என்றே ஃபைல் பேசுகிறது, யார் எடுத்தார், யார் கண்டார் என்பதற்கு அந்த நடையில் இடமில்லை. இதெல்லாம் விதி. நடைமுறையில் எத்தனையோ பிராக்டிகல் ஃபைல்கள் முந்தைய ஆண்டு ஃபைலைப் பார்த்து அழகாக எழுதப்படுகின்றன என்பதும், அவற்றில் பொருந்தாத அளவு ஒன்றுகூட இருப்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். கட்டுரையில் இதைத் தவிர்க்காதீர்கள். ரஃப் நோட்டுக்கும் ஃபைலுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளிதான் இந்தச் சமூகத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்வது.

விவாத மன்றத்தில் நிலைமை தலைகீழ். பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை விவாதத்தில் நான்கு அணிகள், எட்டுப் பேச்சாளர்கள். தலைப்பு அறிவித்ததும் பதினைந்து நிமிடத் தயாரிப்பு. ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் காப்புப் பெற்றவை. இடைப்பட்ட நேரத்தில் எதிரணியினர் எழுந்து நின்று ‘பி.ஓ.ஐ.’ (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்), அதாவது குறுக்கிட்டு ஒரு சிறு கேள்வி, கேட்கலாம். பேசுகிறவர் ஏற்கலாம், அல்லது கையசைத்து உட்காரச் சொல்லலாம். நம் மாணவி தன் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை நாலாவது நிமிடத்தில் தானே உணர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒப்புக்கொள்ளும்படி அவளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. ஓட்டையைச் சுட்டிக்காட்டுவது எதிரணியின் வேலை. அவர்கள் சுட்டிக்காட்டாத பலவீனத்தை நடுவர் தாமே வாதமாக்கி அவளைத் தோற்கடிக்கக் கூடாது. எனவே இங்கே பிழை என்பது எதிராளி கண்டுபிடித்துப் பெயர் சொன்னால்தான் பிழை. சுற்று முடிந்து ஒன்று முதல் நான்கு வரை இடங்கள் அறிவிக்கப்பட்ட பிறகு தொனி முற்றிலும் மாறுகிறது. நடுவரும் சீனியர்களும் அவளைத் தனியே அழைத்து, “உன் இரண்டாவது பாயின்டில் ஏன் அப்படி நடக்கும் என்பதையே நீ நிறுவவில்லை” என்று நேருக்கு நேர் சொல்கிறார்கள். அவள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்கிறாள். யாரும் முகம் சுளிப்பதில்லை. சீனியர்களைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறாள். ஆய்வகத்தில் ‘மேடம்’ இல்லாமல் ஒரு வாக்கியம் தொடங்காது.

திருப்புகழ்க் குழுவில் முன்பாடுகிற மாமி ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். அருணகிரிநாதரின் சந்தம் மன்னிப்பதில்லை. வல்லினமும் மெல்லினமும் அடுக்கடுக்காக வரும் அடியில் ஒரு மாத்திரை தவறினால் தாளம் முழுவதும் நழுவும். ஆனால் தவறு நேர்ந்ததும் பாட்டு நிற்பதில்லை. மாமி அடுத்த முறை அந்த அடியைச் சற்றே குரலை உயர்த்தி, அழுத்தந்திருத்தமாக எடுக்கிறார். கூட்டுக்குரல் தவறியவளை மூடிக்கொண்டு மேலே செல்கிறது. தீபாராதனை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது, “அந்த ரெண்டாவது அடியில மூச்சை முன்னாடியே எடுத்துக்கோடி கண்ணு” என்பார். தவறினாய் என்று சொல்லவில்லை. மூச்சைப் பற்றித்தான் சொன்னார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் தில்லியில் வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பாடல்களைத் தேவநாகரியில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். ழகரமும் றகரமும் அங்கே படும் பாட்டை மாமிகள் கண்டும் காணாமலும் விட்டுவிடுகிறார்கள், வாயில் சரியாக வந்தால் போதும் என்று. நம் மாணவி தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதால் அந்த நோட்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு அவளுக்கு வருகிறது. இரண்டாம் ஆண்டு மாணவி என்பதற்கு அங்கே மதிப்பில்லை. எழுத்து தெரிந்தவள் என்பதற்கு இருக்கிறது. தேர்ச்சி என்பது ஒவ்வொரு அவையிலும் வேறு பொருளில் அளக்கப்படுகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. இப்படி ஒன்றை உங்கள் வாழ்க்கையிலும் தேடிப் பாருங்கள்.

வகுப்பு வாட்ஸப் குழுவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பீட்டுக்கு அது நன்றாக உதவும். “கல் ஜி.இ. கா இன்டர்னல் ஹை, ஃபைல் பீ லே ஆனா” என்று வகுப்புப் பிரதிநிதி எழுதுகிறார்: நாளை ஜி.இ. (பொது விருப்பப்பாடம்) தாளுக்கு இன்டர்னல் தேர்வு, ஃபைலையும் கொண்டுவரவும். அது நாளை மறுநாள் என்று தெரியவந்தால், ஒரு நட்சத்திரக் குறியும் சரியான கிழமையும் மட்டும் அடுத்த வரியில் வரும். விளக்கம் இல்லை, வருத்தம் தெரிவித்தல் இல்லை. சிலர் செய்தியை எல்லோருக்குமாக நீக்கிவிடுகிறார்கள், நீக்கப்பட்டது என்ற தடயம் மட்டும் தங்குகிறது, உடனே “என்ன டெலிட் பண்ணின?” என்று நாலு பேர் கேட்கிறார்கள். ஆய்வக நோட்டில் கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிய வேண்டும் என்பதையும், இங்கே செய்தி போய்த் தடயம் மட்டும் நிற்பதையும் அருகருகே வைத்தால் ஒரு நல்ல பத்தி கிடைக்கும்.

சொற்பட்டியல் போதாது

தனிச்சொற்களில் தொடங்குவதும் அங்கேயே முடிந்துவிடுவதும் இந்த அசைன்மென்டின் தொன்றுதொட்ட வியாதி. பள்ளியில் தமிழ் எடுத்தவர்களுக்குக் குழூஉக்குறி புதிதல்ல. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தவைதாம். பி.ஓ.ஐ., டி.எஸ்.சி. (துறைசார் முதன்மைப் பாடம்), ஜி.இ., வி.ஏ.சி. (மதிப்புக்கூட்டுப் பாடம்), சந்தம், எண்ட் பாயிண்ட் என்று பட்டியலிடுவது அதே மனப்பாடத்தின் நீட்சி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-இல் வந்த புதிய பாடத்திட்டக் கட்டமைப்பு இந்தச் சுருக்கெழுத்துகளில் பலவற்றை ஒரே நாளில் எல்லார் வாயிலும் ஏற்றிவிட்டது. அதனால் அவற்றைப் பயன்படுத்துவது ஒருவரை எந்தச் சமூகத்துக்கும் உள்ளாளாக ஆக்கிவிடாது. ஒரு சொல்லைக் கட்டுரையில் எடுத்தால், அதை யார் யாரிடம் சொல்லலாம், தவறாகச் சொன்னால் என்ன நேரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

மொழியை வைத்துச் சமூகங்களைப் பிரிப்பதும் இதுபோன்ற மேலோட்டமான வேலைதான். “ஆய்வகத்தில் ஆங்கிலம், நண்பர்களிடம் இந்தி, பஜனையில் தமிழ்” என்ற வாக்கியம் பார்க்க ஒழுங்காக இருந்தாலும் உண்மையில்லை. ஆய்வக உதவியாளர் ‘பையா’விடம் இந்தியில்தான் ரீஏஜென்ட் கேட்கிறார்கள், மாமி ஆங்கிலம் கலக்காமல் ஐந்து வாக்கியம் பேசமாட்டார். தில்லியில் இந்தியும் பஞ்சாபியும் மாற்றி மாற்றிப் பேசப்படுவதை ஆராய்ந்து மொழியியலாளர் ஜான் கம்பெர்ஸ் 1964-இல் எழுதியபோது, அன்றாடப் புழக்கத்தில் அவ்விரு மொழிகளின் அமைப்பும் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பதைத்தான் காட்டினார். மொழி மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் அந்த இடத்தில் மாறியது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை, அங்கே மரியாதையோ வேலையோ மாறியிருக்கிறது என்பதாக இருக்கும்.

நுழைவும், சொல்லாமல் விடப்படுவதும்

புதியவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்பது ஒப்பீட்டுக்கு இன்னொரு வலுவான தளம். மனிதர்கள் கற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் எழுதியபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் தையல் பழகுகிறவர்கள் பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் போன்ற கடைசி வேலைகளில் தொடங்கி, துணி வெட்டும் வேலைக்குப் பின்னாளில்தான் வருகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். விளிம்பில் நின்று செய்யும் சிறுவேலையும் உண்மையான பங்கேற்பே என்பது அவர்கள் கருத்து. விவாத மன்றத்தில் முதலாண்டு மாணவர்கள் கையில் நேரம் காட்டும் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பதும், பஜனைக் குழுவில் புதிதாக வந்தவர் ஜால்ராவைக் கையில் வாங்குவதற்கு முன் பல வாரம் ஜமக்காளம் விரித்து மடிப்பதும் இதே வகை. ஆய்வகத்தில் அப்படி ஒரு விளிம்பு இல்லை; முதல் நாளே பிப்பெட் கையில் கொடுக்கப்படுகிறது. காரணம் எளிது: அங்கே சேர்க்கை என்பது நுழைவுத் தேர்வோடு முடிந்துவிட்டது. இந்த வேறுபாட்டை நான் பார்த்த மாணவக் கட்டுரைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

ஸ்வேல்ஸ் 2016-இல் தம் வரையறைக்குத் திரும்பி வந்தபோது ஆறு அடையாளங்களை எட்டாக விரித்தார். புதிதாகச் சேர்த்தவற்றில் ஒன்று, எதைச் சொல்லத் தேவையில்லை என்ற உணர்வு அந்தச் சமூகத்துக்குள் படிந்திருப்பது. மற்றொன்று, அதற்கென்று ஒரு வரலாற்றுணர்வும் நடவடிக்கைகளின் தாளகதியும் நல்ல வேலை எது என்ற மதிப்பீடும் இருப்பது. சொல்லாமல் விடப்படுவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புதியவர் ஒருவர் எதைக் கேட்டபோது மற்றவர்கள் ஒரு கணம் மௌனமானார்கள் அல்லது சிரித்தார்கள் என்று நினைவுகூருங்கள். “இந்த ரீடிங்கை அப்படியே போடணுமா?” என்று ஆய்வகத்தில் ஒருவர் உரக்கக் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு அவைகள் முட்டிக்கொள்ளும்போது

கட்டுரையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கும். ஆகவே இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். ஒரே ஆள் பல அவைகளில் இருப்பதால் ஓர் அவையின் பழக்கம் இன்னோர் அவைக்குள் தெரியாமல் நுழைந்துவிடுகிறது. செய்முறைத் தேர்வின் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர், “இரண்டாவது அளவு ஏன் ஒத்துப்போகவில்லை?” என்று கேட்கிறார். எதிர்பார்க்கப்படும் விடை ஒரு வரி: இறுதிப்புள்ளியைத் தாண்டிவிட்டேன், மேடம். ஆனால் முந்தைய நாள் முழுவதும் விவாதப் போட்டியில் இருந்த நம் மாணவி, “ஒத்துப்போகவில்லை என்பதை எந்த அளவுகோலில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது” என்று தொடங்குகிறாள். மன்றத்தில் இது பாராட்டப்படும் நகர்வு. கேள்வியின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்குவது. வைவாவில் இது தெரியாததை மறைப்பதாகப் படுகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ஆய்வகத்தில் எதற்கும் “ஏறத்தாழ”, “பிழை வரம்புக்குள்” என்று சேர்த்துப் பழகிய நாக்கு மன்றத்திலும் அப்படியே பேச, “இத்தனை தயக்கம் இருந்தால் நடுவர் ஏன் உன்னை நம்ப வேண்டும்?” என்று சீனியர் கேட்கிறார். ஒரே வகைச் சொற்றொடர் ஓரிடத்தில் நேர்மை, இன்னோரிடத்தில் பலவீனம். வள்ளுவர் அவையறிதலுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பது வீணல்ல.

இப்படிப்பட்ட முட்டல் ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும். இல்லை என்று தோன்றினால், யாராவது உங்களிடம் “இங்கே அப்படிப் பேசாதே” என்று சொன்ன நாளைத் தேடுங்கள். எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வேறுபாடுகளை ஊதிப் பெருக்கிவிடக் கூடாது. மேலே சொன்ன மெக்கார்த்தியின் ஆய்வில் சுவையான இன்னொரு பகுதி, அந்த மாணவருக்கு மூன்று வகுப்புகளின் வேலையும் முற்றிலும் வேறு வேறாகத் தோன்றினாலும், ஆய்வாளரின் பார்வையில் அவற்றுக்கிடையே கணிசமான ஒற்றுமை இருந்தது என்பது. படித்ததைச் சுருக்கிச் சொல்வது, ஆதாரத்தோடு எழுதுவது ஆகியவை எல்லாவற்றிலும் இருந்தன. ஆய்வகமும் விவாத மன்றமும்கூட ஒன்றில் ஒத்துப்போகின்றன: இரண்டிலும் “எனக்கு அப்படித் தோன்றுகிறது” என்பது சான்று ஆகாது. பஜனைக் குழுவில் மாமியின் காது சான்று.

கட்டுரையாக அமைத்தல்

சமூகங்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி ஒதுக்காதீர்கள். கேள்வியின் கூறுகளை வரிசைப்படுத்துங்கள். பிழையை யார் முதலில் பார்க்கிறார், யார் சொல்லலாம், எந்த வடிவில் சொல்லப்படுகிறது, அதன் பிறகு தடயம் எஞ்சுகிறதா என்ற நான்கு கூறுகளில் ஒவ்வொன்றின் கீழும் எல்லாச் சமூகங்களும் வந்து போகட்டும். ஓர் அட்டவணை போட்டுப் பார்ப்பது உங்களுக்கு உதவும். அதைக் கட்டுரைக்குள் ஒட்டினால் ஆசிரியருக்கு உதவாது, ஏனென்றால் அட்டவணையில் “ஏன்” என்பதற்குக் கட்டம் இல்லை.

முதல் பத்தியிலேயே உங்கள் முடிபை ஒரு முழு வாக்கியமாக வைத்துவிடுங்கள். நம் மாணவியின் கட்டுரைக்கு அது இப்படி இருக்கலாம்: “பிழையை அழியாமல் காப்பாற்றச் சொல்லும் ஆய்வகமும், எதிராளி சொல்லும்வரை அதை ஒப்புக்கொள்ளாதே என்று பழக்கும் விவாத மன்றமும், தவறியவரைக் கூட்டுக்குரலால் மூடிக்கொள்ளும் பஜனைக் குழுவும், பிழை யாருடைய சொத்து என்பதில் வேறுபடுகின்றன, அந்த வேறுபாடே அவற்றில் யார் யாரைத் திருத்தலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.” இதை மறுத்து ஒருவர் வாதிட முடியும். மறுக்கவே முடியாத வாக்கியத்தை எழுதியிருந்தால், அதில் முடிபு இல்லை என்று பொருள். முடிபை எழுதிப் பார்த்ததும் நான்கில் ஒன்று ஒட்டாமல் தொங்குவது தெரியவரும். மேலே வாட்ஸப் குழு அந்த வாக்கியத்தில் இடம்பெறாததைக் கவனித்திருப்பீர்கள். அதை ஒப்புமைக்கான துணைச்சான்றாக ஒரு பத்தியில் அடக்கிவிட்டு, மூன்றை மட்டும் முழுமையாக ஒப்பிடுவது ஆயிரத்தைந்நூறு சொற்களுக்குள் எழுத வேண்டியவர்களுக்கு ஏற்ற வழி.

மேற்கோள்களைச் சிறியதாக வையுங்கள். இந்தியிலோ தமிழிலோ வந்த வரியை அப்படியே தந்து, கட்டுரையின் மொழியில் பொருளைப் பக்கத்திலேயே எழுதுங்கள்; பொருளை மட்டும் தந்தால் தொனி போய்விடும். “கண்ணு” என்ற விளி இல்லாமல் மாமியின் திருத்தம் திருத்தமே அல்ல.

முடித்த பிறகு, ஒவ்வொரு சமூகத்திலும் ஒருவரிடம் அவரைப் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டுங்கள். தகவல் சரிதானா என்று மட்டும் கேட்காதீர்கள், “இதை வெளியாட்களிடம் சொல்வீர்களா?” என்றும் கேளுங்கள். ஃபைல் எழுதுவது பற்றிய பத்தியை வகுப்புத் தோழர் நீக்கச் சொல்லலாம். மாமி, “நாங்க திருத்தறதே இல்லையே, சேர்ந்து பாடறோம், அவ்வளவுதான்” என்று சொல்லலாம். தோழர் கேட்டதற்கு, யாரையும் அடையாளம் காட்டாதபடி அந்தப் பத்தியை மாற்றி எழுதினால் போதும். மாமி சொன்னதை அவருடைய அனுமதியோடு அப்படியே கட்டுரையில் சேர்த்து, உங்கள் கணிப்போடு அது எங்கே முரண்படுகிறது என்பதை அதற்கு அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள்.